கொண்டு சென்ற பொருளும் கொடுக்க வேண்டிய கடனும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியிலும் வாணிகத்திலும் தேர்ந்த பெரியோர் பலர் கூடியுள்ள இச்சபையில் நின்று பேசுதற்கு யான் தகுதியுடையேனல்லேன். எனினும், காரியதரிசியவர்களின் கட்டளையை மறுத்தற்கு அஞ்சி, யான் அறிந்தவற்றுட் சிலவற்றைத் தங்கள் முன்னிலையில் வைக்கத் துணிந்தேன். குற்றங் களைந்து குணங் கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

சில மாதங்களுக்கு முன், நம் மாணவர் விடுதியில் தங்கிக் கல்லூரியிற் படிக்கும் பிள்ளையொருவன் சங்கப் புத்தகசாலையில் என்னை அணுகி, "ஐயா, வெள்ளைக்காரர்கள் நூறு இருநூறு ஆண்டுகளுக்கு முன் கொண்டுபோன பொருள்களைத் திருப்பித் தரவேண்டும் என்று பல தேசத்தாரும் கேட்கிறார்கள். நம் ஊர்களிலோ பல கோயில்களுக்கு விளக்கெண்ணெய்க்கே வழியில்லை. போனது போகட்டும் என்று விட்டுவிட்டு, இருப்பதைப் பார்த்தால் ஆகாதா?" என்று வினவினான். அப்பொழுது ஏதோ சமாதானஞ் சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். வீடு சேர்ந்தபின் அவ்வினா என்னை உறங்கவொட்டவில்லை. அதற்குக் காரணம் என் குடும்பத்தைப் பற்றியது. அதனை இறுதியிற் கூறுவேன். அப்பிள்ளைக்கு அன்று சொல்லாத விடையே இன்றைய என் பேச்சாகும்.

பொருள்கள் சென்ற வழிகள்

அன்னியர் ஆட்சிக் காலத்தில் நாடுவிட்டுச் சென்ற பொருள்களெல்லாம் ஒரே வழியிற் சென்றன அல்ல. விலைக்கு விற்கப்பட்டனவும் உள. நட்பினால் அளிக்கப்பட்டனவும் உள. இவற்றைத் திரும்பக் கேட்பது முறையாகாது. விற்றவன் பணத்தையும் வைத்துக்கொண்டு சரக்கையும் கேட்பானாயின் அவனை நம்மவர் எவரும் கடையில் ஏற்றார். ஆகவே, எல்லாவற்றையும் கொள்ளையென்பதும் பிழை. எல்லாவற்றையும் நேரிய வாணிபமென்பதும் பிழை. நாம் ஆராயவேண்டியவை மூன்று வகையின: போரிற் கவர்ந்தவை, உடன்படிக்கையின் பெயரால் வாங்கியவை, ஆள்வோர் தம் அதிகாரத்தாற் பெயர்த்து அனுப்பியவை.

முதல் வகைக்கு ஆப்பிரிக்காக் கண்டத்திலுள்ள பெனின் நகரம் சான்றாகும். அஃது இக்காலத்தில் நைஜீரியா தேசத்தைச் சார்ந்தது. அந்நாட்டுக் கன்னார், மெழுகில் உருவமைத்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றி உருவங்கள் வார்த்தனர். நம் சுவாமிமலை ஸ்தபதிகள் திருமேனிகள் வார்க்கும் முறையும் இதுவேயாகும். ஓபா என்னும் அரசர்களும், வீரர்களும், வணிகத்தின்பொருட்டு வந்த போர்ச்சுக்கீசியரும் அப்பித்தளைப் பலகைகளிற் காணப்படுவர். அரண்மனைத் தூண்களை அணிசெய்த அப்பலகைகள் அந்நாட்டாருக்கு வரலாற்றேடாகவும் விளங்கின. 1897-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை அந்நகரைக் கைப்பற்றிற்று, அரண்மனை கொள்ளையிடப்பட்டது, நகரம் தீக்கிரையாயிற்று, அரசர் ஓவொன்ராம்வென் நாடுகடத்தப்பட்டார். கவர்ந்த ஆயிரக்கணக்கான பொருள்களில் ஒரு பகுதியைப் படையெடுப்பின் செலவுக்கென விற்றனர். அடித்தவனுடைய கைவலிக்கு அடிபட்டவன் வீட்டுப் பாத்திரத்தை விற்று மருந்து வாங்கியவாறாயிற்று.

இரண்டாம் வகைக்குக் கோகினூர் வைரத்தைக் கூறலாம். 1849-ல் பஞ்சாப் தேசம் கும்பினியார் வசமானபொழுது எழுதப்பட்ட லாகூர் உடன்படிக்கையில், அவ்வைரத்தை மகாராஜா இங்கிலாந்து இராணிக்கு ஒப்புவித்தல் வேண்டும் என்று ஒரு பிரிவு உளது. அம்மகாராஜா துலீப் சிங் அப்பொழுது பத்து வயதுச் சிறுவர். அவருடைய தாயார் அவரிடமிருந்து முன்னரே பிரிக்கப்பட்டிருந்தார். பத்திரம் எழுதி வாங்கும் வழக்கமுடைய நம் சமூகத்தாரைக் கேட்கின்றேன்: பத்து வயதுப் பிள்ளையின் கையெழுத்தைக் கொண்டு, அவன் தகப்பன் தேடிய சொத்தை நீங்கள் எழுதி வாங்குவீர்களா? வாங்கினால் அது செல்லுமா? மைனர் எழுதிக் கொடுத்த பத்திரம் அடியோடு செல்லாது என்று 1903-ல் மோகரி பீபி வழக்கில் தீர்ப்பளித்தவர்கள் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் நீதிபதிகளே ஆவர். அரசர்களின் உடன்படிக்கைக்குச் சட்டம் வேறு, குடிகளின் பத்திரத்திற்குச் சட்டம் வேறு என்று வழக்கறிஞர் கூறுவர். சட்டம் வேறாகலாம், நியாயமும் வேறாகுமோ?

ஆயினும் இவ்வைரத்தைப் பற்றி ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. 1739-ல் நாதிர்ஷா அதனை டில்லியிலிருந்து கவர்ந்து சென்றான். பின்னர் ஆப்கானிய அரசர்களை அடைந்தது. 1813-ல் அவர்களுள் ஒருவரிடமிருந்து ரஞ்சித் சிங் பெற்றார். ஆகவே பாகிஸ்தானத்தாரும் ஆப்கானியரும் பாரசீகரும் அதனை எமதென்கின்றனர். 2016-ல் நம் அரசாங்க வழக்கறிஞரே, அது திருடப்பட்டதன்று, வலிந்து பறிக்கப்பட்டதுமன்று என்று உச்சநீதிமன்றத்திற் கூறினார். பின்னர் அரசாங்கத்தார், நட்பு முறையில் அதனைப் பெற முயல்வோம் என்று அறிவித்தனர். வழக்குடையவனே தன் வழக்கைத் தெளிவாக உரையாதபொழுது, பொருளை வைத்திருப்பவன் தானே முன்வந்து கொடுப்பானா?

மூன்றாம் வகைக்கு அமராவதிச் சிற்பங்கள் சான்று. கிருஷ்ணா நதிக்கரையிலிருந்த அப்பெரும் பௌத்தத் தூபியை வால்டர் எலியட் என்னும் அதிகாரி 1845-ல் அகழ்வித்துச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொணர்ந்தார். அவற்றுட் பெரும்பகுதி 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறிற்று. இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பிற்காலத்து அகழ்ந்தெடுத்தவை பல எழும்பூரிலுள்ள நம் பொருட்காட்சிச் சாலையில் உள்ளன. ஒரே தூபியின் கற்கள் இரண்டு கண்டங்களிற் பிரிந்து கிடக்கின்றன. இங்கே போர் நிகழவில்லை, பத்திரமும் எழுதப்படவில்லை. ஆள்வோர் எடுத்தனர், அனுப்பினர், கேட்பாரில்லை. அவ்வளவே.

கண்டியின் கதை

நிற்க. நமக்கு அண்மையில் உள்ளதும், கொண்டு சென்றதும் திருப்பித் தந்ததும் ஆகிய இரண்டனையும் ஒருங்கே காட்டுவதுமான ஒரு சரித்திரத்தைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றேன். அஃது இலங்கையிலுள்ள கண்டி அரசின் சரித்திரமாகும்.

கண்டியைக் கடைசியாக ஆண்ட அரசர்கள் மதுரைச் சீமையினின்று மணவுறவினாற் சென்ற நாயக்கர் வழியினர். அவர்களுள் ஒருவராகிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கர் காலத்தில், 1765-ல், ஒல்லாந்தக் கவர்னர் வான் எக் என்பவர் படையுடன் கண்டி நகரிற் புகுந்தார். அரசர் முன்னரே மலைக்காடுகளுக்குச் சென்றுவிட்டமையால், காவலற்ற அரண்மனை கொள்ளைபோயிற்று. அக்கொள்ளையில் ஒரு சிறு பீரங்கியும் சென்றது. லெவ்கே திசாவை என்னும் கண்டிப் பிரபு 1740-களில் தம் அரசருக்குக் காணிக்கையாக அளித்தது அது. பொன்னும் வெள்ளியும் மணிகளும் இழைத்துச் செய்யப்பட்ட அழகிய வேலைப்பாடுடையது. அஃது ஒல்லாந்து சேர்ந்து, ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் மியூசியத்திற் பல தலைமுறைகள் காட்சிப்பொருளாக இருந்தது.

ஒல்லாந்தருக்குப்பின் ஆங்கிலேயர் வந்தனர். 1815-ல் கண்டி அரசு முடிவெய்திற்று. கடைசி அரசராகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரைக் குடும்பத்துடன் கப்பலேற்றி நம் வேலூருக்குக் கொணர்ந்து கோட்டையிற் சிறைவைத்தனர். அவர் 1832-ல் அவ்வூரிலேயே காலஞ்சென்றார். பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபம் அவர் அடக்கமான இடமாகும். வேலூர்ப் பக்கத்துச் சகோதரர்கள் அதனைக் கண்டிருப்பீர்கள். அரசர் வேலூர் வந்தார். அவருடைய அரியணையோ இங்கிலாந்து சென்று விண்ட்ஸர் அரண்மனையில் வைக்கப்பட்டது.

அவ்வரியணை என்னாயிற்று? 1934-ஆம் ஆண்டில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் புதல்வர் குளோஸ்டர் கோமகன் இலங்கைக்கு வந்தபொழுது, அதனைத் தம் கையாலேயே திருப்பி ஒப்புவித்தார். அப்பொழுது இலங்கை விடுதலை பெறவில்லை; விடுதலை பெற்றது 1948-ல். ஆள்வோராயிருந்தபொழுதே, இப்பொருள் இருக்கவேண்டிய இடம் இதுவன்று என்று அவர்கள் ஒருமுறையேனும் உணர்ந்தனர். அதனால் இங்கிலாந்து ஏழையாய்விடவுமில்லை. விண்ட்ஸர் அரண்மனை வெறுமையாகிவிடவுமில்லை.

பீரங்கியின் கதைக்கு இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. 2020-ல் நெதர்லாந்து அரசாங்கம் அமைத்த குழுவொன்று, குடியேற்ற நாடுகளினின்று உடையவர் விருப்பமின்றிக் கொண்டுவந்தவை எனத் தெளிவாகும் பொருள்களை, அந்நாடுகள் கேட்பின் நிபந்தனையின்றித் திருப்பித் தரவேண்டும் என்று கூறிற்று. இருநாட்டு ஆராய்ச்சியாளரும் பழைய ஆவணங்களைத் துருவிப் பார்த்து, இப்பீரங்கி 1765-ற் கவர்ந்ததே என்று துணிந்தனர். 2023-ல் அதுவும், அதனுடன் வாள்கள், கத்தி, சுவர்த்துப்பாக்கிகள் ஆகியவையுமாக ஆறு பொருள்கள் கொழும்பு மியூசியத்தை அடைந்தன. அவ்வாண்டிலேயே, 1894-ல் லொம்பொக் தீவில் ஒல்லாந்தர் கொள்ளையிட்டவை முதலாய 472 பொருள்களை இந்தோனேசியாவுக்குத் திருப்பித்தர இசைந்தனர். 258 ஆண்டுகள் கழித்தும் ஒரு பொருள் வீடு திரும்பிற்று. காலங் கடந்துவிட்டது என்று சொல்லுகிறவர்கள் இதனைக் கருதுவார்களாக.

தடைகளும் விடைகளும்

திருப்பித் தருதல் வேண்டா என்பார் கூறும் தடைகளையும் நடுநிலையுடன் ஆராய்தல் வேண்டும்.

"அக்காலத்துப் போர் வழக்கம் அது, அக்காலச் செயலுக்கு இக்கால நீதி பொருந்தாது" என்பது முதல் தடை. போரிற் கொள்ளையிடல் அரசர் வழக்கம் என்பது மெய்யே. நம் நாட்டு அரசரும் பகையரசர் நகரங்களைச் சூறையாடியதுண்டு. ஆயின் பிறர் பொருளை விரும்புதல் குற்றமென்பது இன்று நேற்றுப் பிறந்த நீதியன்று. திருவள்ளுவர் வெஃகாமை என்றும் கள்ளாமை என்றும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். அன்று செய்தவரை இன்று தண்டிக்குமாறு எவரும் கேட்கவில்லை, அவர்கள் இறந்துபட்டனர். பொருள் இருக்கின்றது. இருக்கும் பொருளை என் செய்வது என்பதே வினா. பாட்டன் வாங்கிய கடனுக்குப் பேரன் சிறை செல்லவேண்டுவதில்லை. ஆனால் பாட்டன் பெட்டியில் அடுத்த வீட்டுக்காரன் நகையைக் கண்டால், அதனை என்னதென்று பேரன் அணிந்துகொள்ளலாகாது.

"நாங்கள் காப்பாற்றியமையாலன்றோ அவை இன்று உள்ளன" என்பது இரண்டாம் தடை. இதில் உண்மையும் உண்டு. அதை நாம் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அமராவதித் தூபியின் பளிங்குகளை நம்மவரே உடைத்துக் கட்டடங்களுக்குக் கொண்டுசென்றனர். சுண்ணாம்புக்காகவும் காளவாயில் இட்டனர். ஆயின், காவல் புரிந்தவன் காவற்கூலி கேட்கலாம். காத்த பொருளையே தனதாக்கிக்கொள்ளலாமோ? அடைக்கலமாக வந்த பொருளை, உடையவன் வந்து கேட்கும்பொழுது கொடுப்பதே காவலின் நிறைவாகும். மேலும், 2023-ல் பிரிட்டிஷ் மியூசியத்தாரே தம் சேமிப்பறைகளில் ஏறத்தாழ 2000 பொருள்கள் காணாமற்போயின, களவுபோயின அல்லது சேதமுற்றன என்று அறிவித்தனர். அவற்றுட் பல, பதிவேட்டில் ஏறாதவை. காவல் ஒரு தேசத்தார்க்கே உரிய குணமன்று, கவனமின்மையும் அத்தகையதே.

"உலகத்தார் அனைவரும் ஓரிடத்திற் காணலாமே" என்பது மூன்றாம் தடை. அம்மியூசியத்திலுள்ள பொருள்கள் எண்பது இலட்சம் என்பர். அவற்றுள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டவை நூற்றில் ஒரு பங்கேயாம். எத்தியோப்பியத் திருச்சபையின் தாபோத் என்னும் பலிபீடப் பலகைகள் பதினொன்று அங்கே உள. 1868-ல் மக்டாலாக் கோட்டையை வென்ற பிரிட்டிஷ் படை அங்கிருந்து எடுத்த பொருள்களைச் சார்ந்தவை அவற்றுட் பல. அவற்றைக் குருமார் அல்லாதார் காணலாகாது என்பது அச்சபையின் விதி. அவ்விதியை மதித்து மியூசியத்தார் அவற்றை எவருக்கும் காட்டுவதில்லை. தம் அதிகாரிகளும் பார்ப்பதில்லை. காண்பார் ஒருவருமில்லாத பொருளை, வணங்குவார் கோடிக்கணக்கில் உள்ள நாட்டுக்கு அனுப்பாது பூட்டிவைத்தல் யாருக்குப் பயன்?

"யாரிடம் கொடுப்பது? உங்களுக்குள்ளேயே பூசலாக இருக்கின்றதே" என்பது நான்காம் தடை. பெனின் பொருள்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றின் உரிமையை ஜெர்மனி தேசத்தார் 2022-ல் நைஜீரியாவுக்கு எழுதிக்கொடுத்தனர். மறு ஆண்டில் நைஜீரியத் தலைவர், அவற்றின் உரிமை பெனின் அரசகுலத்து ஓபாவுக்கே உரியது என்று ஆணையிட்டார். உடனே, மக்கள் காணப் பொதுவில் இருக்குமா, அரண்மனைக்குள் சென்றுவிடுமா என்று சிலர் ஐயுற்றனர். ஐயம் நியாயமானதே. எனினும் அஃது உடையவன் வீட்டுப் பாகவிவகாரம். அண்ணன் தம்பிகள் பாகத்திற்குச் சண்டையிடுகின்றனர் என்பது, அயலான் அச்சொத்தை வைத்துக்கொள்வதற்குக் காரணமாகாது.

இனி, சட்டத்தைத் தடையாகக் கூறுவர். 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டிஷ் மியூசியத்தின் தர்மகர்த்தர்கள் தம்மிடமுள்ள பொருள்களை, மிகச் சில காரணங்களாலன்றிக் கொடுத்தல் இயலாது. 1970-ல் யுனெஸ்கோ சபையில் ஏற்பட்ட உடன்படிக்கையும் அதற்கு முன் சென்றவற்றைக் கட்டுப்படுத்தாது. ஆகலின், 1874-ஆம் ஆண்டுப் போர் முதலியவற்றால் அசாந்தி அரசரிடமிருந்து சென்ற பொன்னணிகள் முதலாய 32 பொருள்களை, 2024-ல் லண்டன் மியூசியங்கள் இரண்டும் சேர்ந்து அவ்வரசருடைய காட்சிச் சாலைக்குக் கடனாகவே அனுப்பின. உடையவனுக்கே அவன் உடைமையைக் கடனாகக் கொடுக்கும் வாணிபத்தை நம் முன்னோர் எந்தப் பேரேட்டிலும் எழுதியறியார். ஆனால் சட்டம் மனிதர் இயற்றியது, மனிதர் மாற்றக்கூடியது. பிரெஞ்சு தேசத்தார் 2020-ல் தனிச்சட்டம் ஒன்று இயற்றி, 1892-ல் தகோமி அரசிலிருந்து கொண்டுவந்த 26 பொருள்களை மறு ஆண்டிலேயே திருப்பித் தந்தனர்.

கணக்கின் வலிமை

இவற்றையெல்லாம் படித்தபின் எனக்குத் தோன்றியது யாதெனின்: திரும்பி வந்த பொருள்களுட் பல, வெறும் அழுகையினாலும் கோபத்தினாலும் வந்தன அல்ல, கணக்கினால் வந்தன.

பாண்டியன் அவையிற் கண்ணகி வழக்குரைத்ததை நாம் அனைவரும் அறிவோம். அரசன் முன் அவள் அழுததனால் மட்டும் வழக்கு வென்றதில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்றான். உடைத்தபொழுது மாணிக்கம் தெறித்தது. தன் பொருளின் உள்ளீடு இன்னதென்று அறிந்திருந்தாள். அவ்வறிவே அவளுக்குச் சாட்சியாயிற்று.

கொழும்பு மியூசியத்தின் தலைவராயிருந்த பி. எச். டி. எச். டி சில்வா என்பவர், இலங்கையிலிருந்து வெளிநாடு சென்ற பொருள்கள் எவ்வெவ்விடத்தில் உள்ளன என்று தேடித் தொகுத்து 1975-ல் ஒரு பெரும் பட்டியலை வெளியிட்டார். அப்பொழுது எவரும் ஒன்றையும் திருப்பித் தரும் நிலையில் இல்லை. ஆயினும் அவர் கணக்கெழுதினார். பீரங்கி வந்தது நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. இவை அன்னியர் ஆட்சி நீங்கியபின் களவிற் சென்றவை. ஆயினும் மீளும் வழி ஒன்றே. தஞ்சைச் சீமையிற் பத்தூர் என்னும் ஊரில் 1976-ல் மண்ணினின்று வெளிப்பட்ட நடராஜர் திருமேனி, களவாக லண்டன் சேர்ந்தது. கானடா நாட்டுக் கம்பெனி ஒன்று அதனை விலைக்கு வாங்கியிருந்தது. 1988-ல் லண்டன் நீதிமன்றம் கோயிலின் பக்கம் தீர்ப்பளித்தது. 1991-ல் மேல்மன்றமும் அதனை உறுதிசெய்தது. இடிந்து கிடந்த கோயிலும் தன் சொத்துக்கு வழக்காடலாம் என்று அன்னியநாட்டு நீதிபதிகள் ஒப்புக்கொண்டனர். தெய்வத்தின் சொத்தை மனிதர் விற்க உரிமையில்லை என்பது நம் தர்மம். அதனை அவர்களும் கேட்டனர். எதனால்? உடன் கிடைத்த திருமேனிகளோடு ஒப்பிட்டு, இஃது அவ்விடத்ததே என்று மெய்ப்பிக்க முடிந்தமையால்.

கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோயில் என்னும் ஊரிலிருந்த திருமங்கையாழ்வார் திருமேனியை ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் மியூசியத்தார் 1967-ல் லண்டன் ஏலத்தில் வாங்கினர். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் 1957-ல் அக்கோயிலில் எடுத்த நிழற்படம் ஒன்று அகப்பட்டது. அப்படத்திலுள்ளதும் ஆக்ஸ்போர்டில் உள்ளதும் ஒன்றே எனக் கண்டபின், 2024-ல் பல்கலைக் கழகத்தார் திருப்பித் தர இசைந்தனர். ஒரு நிழற்படம்! அதனை எடுத்தவர் நம்மவரல்லர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக் குற்றம்

இனி, தொடக்கத்திற் கூறுவதாகச் சொன்னதைக் கூறுகின்றேன்.

என் சொந்த ஊரில் நம் பங்காளிகள் பொறுப்பில் ஒரு கோயில் உளது. அங்கே கருவறைக்கு முன் பாவை விளக்குகள் இரண்டு நின்றன. எங்கள் முன்னோர் வாணிபத்துக்காகக் கடல்கடந்து சென்று மீண்டபொழுது வார்ப்பித்து வைத்தவை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு இரண்டும் களவுபோயின. மறு ஆண்டில் வேறொரு ஜில்லாவிற் பல விளக்குகள் பிடிபட்டன. அடையாளங் காட்ட வருமாறு எங்களை அழைத்தனர். நால்வர் சென்றோம். அதிகாரி மரியாதையுடன் கேட்டார்: "எடை எவ்வளவு? எழுத்து ஏதேனும் உண்டா? உடைசல், ஒட்டு உண்டா? படம் இருக்கின்றதா?" பிள்ளைப் பிராயந் தொட்டு நாள்தோறும் அவ்விளக்கின்முன் நின்று கும்பிட்ட நாங்கள் நால்வரும் நான்கு விதமாகச் சொன்னோம். இன்னும் இரண்டு ஊரார் அவ்விளக்குகளையே தமதென்று கூறினர். அவர்களிடமும் சான்றில்லை. விளக்குகள் அரசாங்கக் காப்பறையிலேயே நின்றன. நாங்கள் வெறுங்கையுடன் திரும்பினோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் பழைய வீட்டை ஓடு மாற்றும்பொழுது, பாட்டனார் பெட்டியொன்றைத் திறந்தேன். அதனுள் அக்கோயிலின் பொருள் ஜாபிதா இருந்தது. தர்மகர்த்தராயிருந்த அவர் கையெழுத்தே. பாவை விளக்கு இரண்டு. எடை இத்துணைச் சேர். பீடத்தின் அடியில் மூன்று புள்ளி. வலப்பாவையின் சுண்டுவிரல் திருவிழாவில் ஒடிந்து பற்றவைத்தது என்று வரிவரியாக எழுதியிருந்தார். அது வீட்டுக்கு வந்ததன் காரணத்தையும் விசாரித்தேன். முதல் மரியாதை யாருக்கு என்று பங்காளிகளுக்குள் எழுந்த வழக்கிற் சினங்கொண்டு, கோயிற் கணக்கை அவர் தம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வழக்கு தீர்ந்தது, கணக்கு திரும்பவில்லை. அவரும் கேட்பாரின்மையாற் கொடுக்கவில்லை. என் தகப்பனாரும் கொடுக்கவில்லை.

சபையோரே! அரண்மனையைச் சூறையாடிய ஒல்லாந்தரைப் பற்றிப் பேசுகின்ற யான், கோயிலின் கணக்கை இரண்டு தலைமுறை பூட்டிவைத்த வீட்டில் வளர்ந்தவன். கள்ளன் எடுத்தது விளக்கை. அவ்விளக்கு எமதென்று சொல்லும் வாயை நாங்களே முன்னர் எடுத்துவிட்டோம். அந்த ஜாபிதாவைக் கோயிலில் ஒப்புவித்தேன். அதனைக் கொண்டு எழுதிய மனு இப்பொழுது நடந்துவருகின்றது. முடிவு எதுவாயினும், ஒப்புவித்த அன்றுதான் யான் அமைதியாக உறங்கினேன். பொருளைத் திருப்பிக் கொடுத்தல் வாங்குகிறவனுக்கு மட்டும் நன்மையன்று என்பதை அன்று அறிந்தேன்.

நாம் செய்யத்தக்கவை

ஆகவே அப்பிள்ளைக்கு என் விடை இது. தம்பி, பறித்த பொருள் திரும்பத்தான் வேண்டும். அது பொன்னாயினும் கல்லாயினும், நூறு ஆண்டாயினும் இருநூறு ஆண்டாயினும், கொடுக்கும் வலிமையற்றவனிடம் வாங்கியது கடனேயன்றி உடைமையாகாது. ஆனால் கேட்பவன் கையிற் கணக்கும், மனத்திற் காவலும் இருத்தல் வேண்டும். விளக்கெண்ணெய் வார்ப்பதும் விளக்கைக் கேட்பதும் இரண்டு வேலையல்ல, ஒன்றே.

இதன்பொருட்டு நம் சங்கத்தார்முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

1. நம் சமூகத்தார் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு கோயிலிலும், மடத்திலும், சத்திரத்திலும் உள்ள திருமேனி, நகை, விளக்கு, பாத்திரம், செப்பேடு, ஏடு அனைத்திற்கும் எடையும் அளவும் அடையாளமும் நிழற்படமும் கொண்ட ஜாபிதா இவ்வாண்டு முடிவதற்குள் எழுதப்படல் வேண்டும். மூன்று பிரதிகள் எழுதி, ஒன்று கோயிலிலும் ஒன்று சங்கத்திலும் ஒன்று அரசாங்கத்திலும் இருக்கச் செய்க. இவ்வேலைக்கு நம் கல்லூரிப் பிள்ளைகளே தக்கவர்கள்.

2. கோயில் ஏடுகளும் பட்டயங்களும் சாவிகளும் எவர் வீட்டிலேனும் இருப்பின், எக்காரணம் பற்றி வந்தனவாயினும், வெட்கங் கருதாது ஒப்புவித்துவிடுக. ஒப்புவித்தவரை எவரும் குறை கூறாதிருப்பார்களாக.

3. தர்மகர்த்தர் எவரும் பழைய பொருளைப் புதியதற்கு மாற்றுவதும், பழுதென்று உருக்குவதும், பெரிய மனிதர்க்குப் பரிசளிப்பதும் சபையின் அனுமதியின்றிச் செய்தலாகாது. அவர் காவலரேயன்றி உடையவரல்லர்.

4. வெளிநாடுகளில் வாணிபமும் உத்தியோகமும் செய்யும் நம்மவர், அவ்வவ்வூர் மியூசியங்களிற் காணும் நம் நாட்டுப் பொருள்களின் விவரத்தை எழுதியனுப்புவார்களாக. புத்தர் தொடர்பான நினைவுப்பொருள்களாகிய பிப்ரவா மணிகள், 1898-ல் அகழ்ந்தெடுக்கப்பட்டு ஆங்கிலேயர் குடும்பமொன்றில் இருந்து, 2025-ல் ஹாங்காங் ஏலத்துக்கு வந்தன. நம் அரசாங்கம் தடுத்தது. இந்திய வாணிகக் குடும்பத்தார் வழியாக அவை நாடு திரும்பின. வாணிகர் நினைத்தால் இயலாததில்லை.

அன்னியர் செய்த பிழையை அவர்கள் திருத்துமாறு கேட்போம். நம் வீட்டுப் பெட்டியை நாம் திறப்போம். முன்னதற்குப் பிறர் மனம் இசையவேண்டும்; பின்னதற்கு நம் மனம் இசைந்தாற் போதும். ஆதலின் அதனை இன்றே தொடங்குமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகின்றேன்.

சுபம்.